தோட்டத்து ஆஸ்பத்திரியும் கடதாசிச் சுருள்களும்

தெஹியோவிட்ட பஸார் முடிந்து தெரணியகலைப் பாதையில் கொஞ்ச தூரம் போனால், றப்பர் மரங்களுக்கிடையே ஒரு தோட்டத்து ரோட்டு மேலே ஏறுகிறது. தோட்டத்தின் பெயர் இங்கே வேண்டாம். அந்த ரோட்டின் இரண்டாவது வளைவில் ஒரு கட்டடம் நிற்கிறது. நிற்கிறது என்று சொல்வதும் கொஞ்சம் கூடுதல்தான். தகரக் கூரையில் பாதி போய்விட்டது. ஆண்கள் வாட்டின் நடுவில் ஒரு கித்துள் மரம் வளர்ந்து, கூரை இருந்த இடத்தைத் தாண்டிப் போயிருக்கிறது. மருந்து கொடுக்கும் ஜன்னலின் மரப்பலகை மட்டும் எப்படியோ தப்பியிருக்கிறது. எத்தனையோ ஆயிரம் கைகள் போத்தல் வைத்து எடுத்து வழவழப்பான பலகை அது.

என் வாப்பா இந்தக் கட்டடத்தில்தான் பிறந்தார், 1940இல்.

சென்ற மழைக்காலத்தில் அங்கே போனபோது, ஒரு காலத்தில் அதே ஆஸ்பத்திரியில் வாட்டு கூட்டித் துடைத்த அக்கா ஒருவரையும் கூட்டிக்கொண்டு போனேன். கடையில் சாமான் வாங்க வந்த நாளிலிருந்தே என்னைத் 'தம்பி' என்று கூப்பிடுபவர். எழுபதைத் தாண்டியிருப்பார். 'இருப்பார்' என்று நான் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. அதைப் பிறகு சொல்கிறேன்.

நம்மில் பலருக்குத் தோட்டத்து ஆஸ்பத்திரி என்றால் ஏதோ துரைமாரின் தயவால் வந்தது என்ற எண்ணம் உண்டு. அது சட்டத்தால் வந்தது. சட்டமோ சாவால் வந்தது. கோப்பிக் காலத்தில் தென்னிந்தியாவிலிருந்து நடந்து வந்த கூலிகள் வழியிலும் லயங்களிலும் இறந்த கணக்கு லண்டன் வரை போய்ப் பேசப்பட்ட பிறகுதான், 1872இல் மருத்துவத் தேவைகள் கட்டளைச் சட்டம் என்ற ஒன்று வந்தது. தோட்டக்காரர்களிடம் வரி வாங்கி, மாவட்டந்தோறும் ஆஸ்பத்திரியும் வைத்தியரும் வைப்பது அதன் நோக்கம். தோட்டக்காரர்கள் இதை விரும்பவில்லை. கூலி சாவது அவனுடைய பழக்கவழக்கத்தால், எங்கள் செலவில் ஏன் மருந்து என்பது அவர்கள் வாதம். சட்டம் பலமுறை திருத்தப்பட்டு, கடைசியில் 1912இல் புதிதாக எழுதப்பட்டது. அதன்படி தோட்டம் தானே ஒரு ஆஸ்பத்திரியும் மருந்துச்சாலையும் நடத்தினால், விளைபொருள் ஏற்றுமதியில் கட்டிய மருத்துவத் தீர்வையில் ஒரு பங்கு திரும்பக் கிடைக்கும். களனிப் பள்ளத்தாக்கில் மலைக்கு மலை ஆஸ்பத்திரிகள் முளைத்ததில் இந்தக் கணக்குக்கும் பெரிய பங்குண்டு.

அப்போதுதான் இந்தப் பள்ளத்தாக்கில் றப்பர் பரவிக்கொண்டிருந்தது. பிரேசில் விதையிலிருந்து முளைத்த கன்றுகள் லண்டன் கியூ தோட்டத்திலிருந்து 1876இல் ஹெனரத்கொடைக்கு வந்து சேர்ந்தன. அவற்றின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் முப்பது வருடத்தில் அவிசாவளை, தெஹியோவிட்ட, எட்டியாந்தோட்டைக் குன்றுகளை மூடின. றப்பரும் தேயிலையும் இறங்குவதற்காக ஒடுங்கிய பாதை ரயில் ஒன்று கொழும்பிலிருந்து அவிசாவளைக்கும், அங்கிருந்து தெஹியோவிட்ட வழியாக 1903இல் எட்டியாந்தோட்டைக்கும் போடப்பட்டது. இரண்டாம் உலகப் போரின்போது இந்தக் கிளையின் தண்டவாளங்களைப் பிடுங்கிக்கொண்டு போய்விட்டார்கள். இன்றுள்ள பிள்ளைகளுக்கு நம் ஊரில் ரயில் ஓடியது என்றால் சிரிப்பு வரும். என் மூத்தாப்பா அந்த ரயிலில்தான் ஒரு தகரப் பெட்டியோடு வந்து இறங்கினார்.

அவர் இராமநாதபுரத்துக் கடற்கரை ஊரொன்றைச் சேர்ந்தவர். மண்டபம், தலைமன்னார் வழியாக வந்தவர். மண்டபத்தில் இலங்கை அரசாங்கம் நடத்திய முகாமைப் பற்றி அவர் சொன்னதாக வாப்பா சொல்வார். தோட்டத்துக்கு ஆள் கட்டி வருகிற கங்காணிமாரின் கூட்டங்களை அங்கே நாட்கணக்கில் தங்கவைத்து, அம்மை குத்தி, கொக்கிப்புழுவுக்கு மருந்து கொடுத்துத்தான் கப்பல் ஏற்றுவார்கள். கொக்கிப்புழுவுக்கு எதிராக றொக்பெல்லர் நிறுவனத்தார் 1916இல் மாத்தளைத் தோட்டங்களில் பெரிய இயக்கமே நடத்தினார்கள். மருந்து கொடுத்துப் புழுவை இறக்குவார்கள். லயத்தில் கக்கூஸ் கிடையாது. வெறுங்காலோடு மண்ணை மிதித்தவனுக்கு அடுத்த மாதமே மறுபடி புழு ஏறும். மருந்தைவிடக் கக்கூஸ் செலவு கூடியது என்பதால் இந்தச் சுற்று பல வருடம் நடந்தது.

மூத்தாப்பா முதலில் ஒரு உறவினரின் கடையில் நின்று, பிறகு தோட்ட எல்லைக்குள்ளேயே ஒரு சின்னக் கடை போட்டார். கருவாடு, செத்தல் மிளகாய், வெற்றிலை, துணி. தோட்டத்துக்காரர்களுக்கு அவர் 'முதலாளி'. துரைக்கு அவர் 'பாய்'. ஊர்ச் சிங்களவருக்கு 'தம்பி'. நம் கிராமத்து முஸ்லிம்களுக்கு அவர் சம்மாங்காரர். தொப்பியும் தொழுகையும் ஒன்றுதான் என்றாலும், சனத்தொகைக் கணக்கெடுப்பில் 'இலங்கைச் சோனகர்', 'இந்தியச் சோனகர்' என்று இரண்டு நிரல்கள் இருந்தன. ஒரே சஃபில் தோளோடு தோள் நின்றவர்கள் கணக்கெடுப்பில் இரண்டு பக்கத்தில் நின்றார்கள். இந்தச் சின்ன வித்தியாசம் பிறகு எவ்வளவு பெரிதாகப் போகிறது என்று அப்போது யாருக்கும் தெரியாது.

1934ஆம் வருடத்தைப் பற்றி எழுதாமல் கேகாலை மாவட்டத்து ஆஸ்பத்திரி எதைப் பற்றியும் எழுத முடியாது.

அந்த வருடம் தென்மேல் பருவமழை பொய்த்தது. மற்ற இடங்களில் வறட்சி என்றால் நுளம்பு குறையும். நம் பக்கத்தில் அது நேர்மாறு. களனி, மா ஓயா, தெதுரு ஓயா போன்ற ஆறுகள் எப்போதும் ஓடிக்கொண்டிருப்பதால் அவற்றில் நுளம்பு முட்டையிட்டுப் பெருக வழியில்லை. மழை இல்லாமல் ஓட்டம் நின்று, பாறைக் குழிகளிலும் மணல் பள்ளங்களிலும் தெளிந்த தண்ணீர் தேங்கியது. மலேரியாவைப் பரப்பும் அனோபிலிஸ் வகை நுளம்புக்கு அதைவிட நல்ல தொட்டில் கிடையாது. உலர் வலயத்து மக்களுக்கு மலேரியா பழகிய நோய், உடம்பில் ஓரளவு எதிர்ப்பு இருந்தது. ஈர வலயமான கேகாலையும் அதன் அயலும் அப்படியல்ல. ஒக்டோபர், நவம்பரில் தொடங்கிய காய்ச்சல் டிசம்பரிலும் 1935 ஜனவரியிலும் உச்சத்துக்குப் போனது. நாட்டின் மக்கள்தொகை ஏறத்தாழ 55 இலட்சமாக இருந்த அந்நாளில் சுமார் 15 இலட்சம் பேர் நோயில் விழுந்தார்கள். 1935 ஏப்ரல் வரையான அரை வருடத்தில் மட்டும் சுமார் 80,000 பேர் இறந்ததாகச் சுகாதாரப் பகுதியின் பணிப்பாளராக இருந்த பிறையர்கிளிஃப் அரசாங்கத்துக்கு எழுதினார். ஆகக் கூடிய அடி கேகாலைக்கும் குருநாகலுக்கும்.

எங்கள் வீட்டில் இதற்கு வேறு கணக்கு. கடையில் கபன் துணி முடிந்த நாள் என்று மூத்தம்மா ஒரு நாளைச் சொல்வார். வெள்ளை மல் துணிக்கு கொழும்புக்கு ஆள் அனுப்பி, அவன் திரும்பி வருவதற்குள் அவனுக்கே காய்ச்சல் கண்டுவிட்டதாம். பள்ளியின் சந்தூக்கு ஒரு ஜனாஸாவை இறக்கிவிட்டு நேரே அடுத்த வீட்டுக்குப் போகும். ஒரு கட்டத்தில் தூக்குவதற்கு நாலு பேர் நடுங்காமல் நிற்பது அரிதாகிவிட்டது. மூத்தாப்பாவும் விழுந்தார். தோட்டத்து ஆஸ்பத்திரியில் இடம் கிடைக்கவில்லை. கட்டிலுக்குக் கீழே பாய், பாய்க்கு அப்பால் விறாந்தை, விறாந்தைக்கு அப்பால் முற்றம். முற்றத்தில் படுத்துக் கொயினா குடித்துப் பிழைத்தார்.

இதில் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. அந்தக் கொள்ளைநோயில் தோட்டத் தொழிலாளர் இறந்த வீதம், சுற்றியிருந்த கிராமத்துச் சனங்கள் இறந்த வீதத்தைவிடக் குறைவு. லயத்து வாழ்க்கை கிராமத்து வாழ்க்கையைவிட எந்த வகையிலும் மேலானதல்ல. ஆனால் தோட்டத்தில் அரிசி அளந்து கொடுக்கப்பட்டது. கொயினா எட்டும் தூரத்தில் இருந்தது. காய்ச்சல் என்றால் பிரட்டில் தெரிந்துவிடும். கிராமத்து விவசாயிக்கு, உலகப் பொருளாதார மந்தத்தில் றப்பர் விலை விழுந்து கைவேலை போய், வறட்சியில் வயலும் போய், வயிறு ஒட்டிய நேரத்தில் காய்ச்சல் வந்தது. பசித்த உடம்பில் மலேரியா செய்த வேலைதான் அத்தனை சாவும் என்று அக்காலத்து வைத்தியர் சிலரே எழுதினார்கள். தோட்டத்தான் சொகுசாக மருந்து குடிக்கிறான், நாம் சாகிறோம் என்ற பேச்சு கிராமங்களில் அப்போது எழுந்திருக்கும் என்றுதான் நான் நினைக்கிறேன். பிறகு வந்த அரசியலில் அந்தப் பேச்சின் வாடை இருந்தது.

அரசியல் உடனேயே வந்தது. சூரியமல் இயக்கத்து இளைஞர்கள் நம் மாவட்டத்துக்கு நிவாரண வேலைக்கு வந்தார்கள். டொக்டர் எஸ்.ஏ. விக்கிரமசிங்க, என்.எம். பெரேரா, பிலிப் குணவர்தன. மருந்தோடு பருப்பும் மார்மைட்டும் கொடுத்தார்கள், ஏனென்றால் பசி தீராமல் மருந்து வேலை செய்யாது என்று அவர்களுக்கு விளங்கியிருந்தது. பருப்புப் பகிர்ந்ததால் என்.எம்.முக்குப் 'பருப்பு மஹத்தயா' என்று சனங்கள் பெயர் வைத்தார்கள். 1935 டிசம்பரில் லங்கா சமசமாஜக் கட்சி பிறந்தது. அடுத்த வருடம் சட்டசபைத் தேர்தலில் என்.எம். ருவன்வெல்லையிலும் பிலிப் அவிசாவளையிலும் வென்றார்கள். மலேரியா பெற்ற பிள்ளை இந்தக் கட்சி என்று எங்கள் ஊரில் வேடிக்கையாகச் சொல்வதுண்டு.

அதே கட்சி 1948இல் குடியுரிமைச் சட்டத்தை எதிர்த்து நாடாளுமன்றத்தில் பேசியது, வாக்களித்தது. அதே கட்சி 1964 ஜூனில் ஸ்ரீமாவோ அரசாங்கத்தில் சேர்ந்தது. அதே வருடம் ஒக்டோபர் 30ஆம் திகதி சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தானபோது நிதி அமைச்சர் என்.எம். 1973-74இல் மலையகத்தில் பஞ்சம் வந்து, மாவும் அரிசியும் இல்லாமல் தோட்டங்களில் இறப்பு வீதம் ஏறியபோதும் நிதி அமைச்சர் அவரே. பருப்பு கொடுத்த கையைப் பற்றி நன்றி மறக்காமல் சொல்ல வேண்டும், இதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

இப்போது பதிவேடுகளுக்கு வருகிறேன். இந்தக் கட்டுரையை எழுத என்னைத் தூண்டியதே அவைதான்.

தோட்டத்தில் நடக்கும் பிறப்பையும் இறப்பையும் அறிவிக்கும் பொறுப்பைச் சட்டம் துரையிடம் கொடுத்திருந்தது. நடைமுறையில் எல்லாம் ஆஸ்பத்திரியில்தான் தொடங்கும். டிஸ்பென்சர் ஐயாவின் மேசையில் நீளமான, தடித்த அட்டை போட்ட கொப்பிகள் இருக்கும். வெளிநோயாளர் கொப்பி, வாட்டுக் கொப்பி, பிரசவக் கொப்பி. டிஸ்பென்சர்மார் பெரும்பாலும் யாழ்ப்பாணத்தவராகவோ மலையாளிகளாகவோ இருந்தார்கள். பெயரை அவர்களுக்குக் கேட்டபடி எழுதுவார்கள். ஆகவே ராமாயி 'ராமி' ஆவாள், செய்யது 'சைத்' ஆவார். தகப்பன் பெயர், லய இலக்கம், கங்காணியின் பெயர், திகதி. நாலைந்து சொல் மட்டுமே. ஆனால் எழுதப் படிக்கத் தெரியாத ஒரு சனத்தைப் பற்றி இங்கிலிஷில் எழுதப்பட்ட ஒரே வரி பெரும்பாலும் அதுதான்.

1948இன் சட்டப்படி இலங்கையில் பிறந்தது போதாது, தகப்பனும் இங்கே பிறந்ததைக் காட்ட வேண்டும். அது முடியாதவர்களுக்காக 1949இல் வந்த சட்டத்தின் பெயரை நம்மவர்கள் ஒருமுறை நிதானமாக வாசிக்க வேண்டும்: இந்திய, பாகிஸ்தானிய வதிவாளர் (குடியுரிமை)ச் சட்டம். இது தோட்டத் தமிழரின் பிரச்சினை, நமக்கென்ன என்று ஊரில் பேசிக்கொண்டிருந்தவர்களும் இருந்தார்கள். ஆனால் இராமநாதபுரத்திலிருந்தும் காயல்பட்டினத்திலிருந்தும் வந்து கடை வைத்த முஸ்லிமும் அதே பெயருக்குள்தான் நின்றார். கலியாணம் முடித்தவர் 1946 ஜனவரி 1க்கு முன் ஏழு வருடம், முடிக்காதவர் பத்து வருடம் இடைவிடாமல் இலங்கையில் இருந்ததற்குச் சான்று காட்ட வேண்டும். மனைவி பிள்ளைகளும் கூடவே இருந்ததைக் காட்ட வேண்டும். விண்ணப்பிக்க இரண்டு வருடம், 1951 ஆகஸ்ட் 5 வரை. 237,000க்கு மேற்பட்ட விண்ணப்பங்கள் போயின. அவற்றுக்குள் ஏறத்தாழ 825,000 பேர். கடைசியில் குடியுரிமை கிடைத்தது சுமார் 134,000 பேருக்கு.

மூத்தாப்பாவின் விண்ணப்பத்தை விசாரித்த அதிகாரி, மனைவி இடையில் இந்தியா போய் இருக்கவில்லை என்பதற்கு என்ன அத்தாட்சி என்று கேட்டாராம். கடைக் கணக்குக் கொப்பிகளில் மனைவியின் பெயர் இராது. வாடகைச் சிட்டையில் இராது. நம் வீட்டுப் பெண்களின் பெயர் எந்தக் கடதாசியில்தான் இருந்தது? ஆனால் மூத்தம்மா மூன்று பிள்ளைகளைத் தோட்டத்து ஆஸ்பத்திரியில் பெற்றிருந்தார். தோட்ட எல்லைக்குள் கடை வைத்திருந்த புண்ணியம். 1940, 1942, 1945. அந்த மூன்று வரிகளையும் அன்றிருந்த டிஸ்பென்சர் பிரதி எடுத்து ஒப்பம் போட்டுக் கொடுத்தார். அதைக் கொண்டுதான் எங்கள் குடும்பம் இந்த நாட்டில் நிலைத்தது. 1935இல் அதே ஆஸ்பத்திரியின் முற்றத்தில் அவர் செத்துப் பிழைத்த வரி எதற்கும் உதவவில்லை. சட்டம் கேட்ட வருடங்களுக்கு அது முந்தியது.

மூத்தாப்பாவின் சகோதரர் மகன் ஒருவர், கலியாணம் முடிக்காதவர், பத்து வருடத்தைக் காட்ட முடியாமல் கப்பலேறினார். 'இந்தியச் சோனகர்' என்ற நிரல் பிற்காலத்தில் சுருங்கியதற்கு இப்படிப்பட்டவர்களும் ஒரு காரணம். தோட்டத்து மக்களின் கதையோ கடல். 1964 ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கும் 300,000 பேரை இலங்கைக்கும் என்று பிரித்தது. மிச்சமிருந்த 150,000 பேரை 1974இல் பாதிப் பாதியாக்கினார்கள். என்னோடு வந்த அக்காவின் மூத்த சகோதரி அப்படிப் போனவர்களில் ஒருத்தி. கோச்சியில் தலைமன்னார், அங்கிருந்து இராமானுஜம் கப்பல், பிறகு நீலகிரி. மலைநாட்டு ஸ்டேஷன்களில் சனம் கதறியழுததால் அந்த ரயிலுக்கு 'ஒப்பாரிக் கோச்சி' என்றே பெயர் விழுந்தது. அக்கா பிளாட்பாரத்தில் நின்று பார்த்தவர்.

1972இலும் 1975இலும் வந்த காணிச் சீர்திருத்தத்தில் தோட்டங்கள் அரசாங்கத்தின் கைக்கு வந்தன. கம்பனி போனது, துரை போனார், கூட்டுத்தாபனம் வந்தது. புதிதாக வந்தவர்கள் பழைய ஒபிஸைத் துப்புரவாக்கினார்கள். அது நடந்தது 1978 அளவில். எனக்குப் பன்னிரண்டு வயது. அப்போது எங்கள் கடை பஸாருக்கு வந்துவிட்டது. ஒரு நாள் தோட்டத்து லொறியில் பழைய கடதாசி வந்தது. வாப்பா இறாத்தல் கணக்கில் நிறுத்து வாங்கினார். அதில் செக்ரோல்கள் இருந்தன, தேயிலைக் கணக்குகள் இருந்தன. தடித்த அட்டை போட்ட நீளக் கொப்பிகளும் இருந்தன.

பொலித்தீன் பைகள் இன்னும் கடைகளை நிரப்பாத காலம். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் என் வேலை, கடதாசியைக் கிழித்துச் சுருள் செய்து வைப்பது. பெரிய தாள் பருப்புக்கு, அரைத் தாள் செத்தல் மிளகாய்க்கு, கால் தாள் சீரகத்துக்கு. ஆஸ்பத்திரிக் கொப்பித் தாள் நல்ல கனம். சீனி கட்டினாலும் கிழியாது. "மகன், அந்தக் கட்டக் கடதாசிய சீனிக்கு வெச்சுக்கோங்க" என்று வாப்பா சொன்னது இன்றும் காதில் இருக்கிறது. ஊதா மையில் சாய்ந்த எழுத்து. எனக்கு வாசிக்க முடிந்தது. வாசித்தும் இருக்கிறேன். லயம் இன்னது, பெண் குழந்தை, இத்தனை இறாத்தல். வாசித்துவிட்டுக் கிழித்தேன்.

மூன்று நான்கு மாதத்தில் எல்லாம் முடிந்துவிட்டது.

வாப்பாவுக்குத் தெரிந்திருக்குமா என்று நான் பல வருடம் யோசித்தேன். மூன்று வரிகளால் பிழைத்த குடும்பத்தின் மூத்த மகன் அவர். கடதாசி வாங்கிய அன்று அதைப் புரட்டிப் பார்க்கவில்லையா? இறப்பதற்குச் சில வருடம் முன் கேட்டேன். சிறிது நேரம் பேசாமலிருந்து, "வியாபாரம் மகன், இறாத்தலுக்கு நல்ல வெல" என்றார். பிறகு வுளூச் செய்ய எழுந்து போய்விட்டார். அவரைக் குறை சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. வாசிக்கத் தெரிந்த நானே கிழித்தேன்.

அதன் விலை 1980களில் தெரிந்தது. 1983க்குப் பிறகு அடையாள அட்டை இல்லாமல் அவிசாவளையைத் தாண்டுவதே பயம். அட்டைக்குப் பிறப்புச் சான்றிதழ் வேண்டும். கச்சேரியில் தேடினால் பல பேருடைய பதிவு இல்லை. எந்த ஆஸ்பத்திரியில் பிறந்தாய், அங்கே போய்க் கேள் என்பார்கள். தோட்டத்துச் சனம் ஆஸ்பத்திரிக்குப் போய்க் கேட்கும். புதிதாக வந்த டிஸ்பென்சர் வெறும் அலுமாரியைத் திறந்து காட்டுவார். திரும்பும் வழியில் எங்கள் கடையில் பிளேன்டீ குடித்து, "எல்லாம் தொலஞ்சி போச்சாம் மொதலாளி" என்று வாப்பாவிடமே சொல்லிவிட்டுப் போனவர்களை நான் கண்டிருக்கிறேன். கடைசியில் அவர்களுக்கு உத்தேச வயதுப் பத்திரம்தான் கிடைத்தது. ஆளைப் பார்த்து வயதை மதிப்பிட்டு ஒரு திகதியைப் போடுவார்கள். என் அக்காவின் அட்டையில் பிறந்த திகதி ஜனவரி 1. அவர் தம்பியின் அட்டையிலும் ஜனவரி 1. நாடற்றவர்களுக்குக் குடியுரிமை கொடுக்கும் சட்டங்கள் 1988இலும் 2003இலும் வந்தன. அவை நல்ல சட்டங்கள்தான். அவற்றாலும் ஒருவர் பிறந்த நாளைத் திருப்பிக் கொடுக்க முடியாது.

ஆஸ்பத்திரி எப்படி மூடப்பட்டது என்பதில் பெரிய கதை இல்லை. 1992இல் தோட்டங்களின் நிருவாகம் மறுபடி கம்பனிகளிடம் போனது. 1990களின் நடுவிலிருந்து தோட்ட ஆஸ்பத்திரிகள் சிலவற்றை அரசாங்கம் பொறுப்பேற்றது. மற்றவை கிழமைக்கு ஒருநாள் மருந்து கொடுக்கும் அறையாகச் சுருங்கி, பிறகு பூட்டப்பட்டன. த்ரீவீலர் வந்தது, ரோட்டு வந்தது. தெஹியோவிட்ட ஆஸ்பத்திரியும் கரவனெல்ல ஆஸ்பத்திரியும் எட்டும் தூரம். டொக்டர் இருக்கிற இடத்துக்குத்தானே சனம் போகும்? பாழடைந்த கட்டடங்களைப் பார்த்துக் கண்ணீர் வடிப்பவர்களுக்கு நான் இதைச் சொல்வதுண்டு: இந்த ஆஸ்பத்திரியில் காய்ச்சலுக்கும் வயிற்று வலிக்கும் ஒரே பெரிய போத்தலிலிருந்துதான் மருந்து வார்த்தார்கள். சிக்கலான பிரசவம் என்றால் தொட்டில் கட்டித் தோளில் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும். பாதி வழியில் திரும்பி வந்த தொட்டில்களும் உண்டு. இது மூடப்பட்டதில் எனக்கு வருத்தமில்லை. 2016 செப்டம்பரில் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா அற்ற நாடு என்று அறிவித்தபோது, முற்றத்தில் நடுங்கிக் கிடந்த மூத்தாப்பாவை நினைத்து 'அல்ஹம்துலில்லாஹ்' சொன்னேன். அந்த வேலை முடிந்தது. முடியாமல் போனது மற்ற வேலை.

அக்கா முன்னால் போய்ப் பெண்கள் வாட்டைக் காட்டினார். ஆறு கட்டில் போட்ட அடையாளம் சீமெந்துத் தரையில் இருக்கிறது. கால் ஊன்றிய இடங்களில் துருவின் வட்டம். அதையடுத்துப் பிரசவ அறை. ஒரு ஜன்னல், ஒரு தண்ணீர்த் தொட்டி, சுவரில் பாசி. வாப்பா இங்கேதான் அழுதிருப்பார். அறையின் மூலையில் மரத்தட்டு ஒன்று சுவரோடு பொருத்தியபடியே கறையான் தின்று நின்றது. "கொப்பியெல்லாம் இதுலதான் அடுக்கியிருந்திச்சு" என்றார். பிறகு, "எம் பேரும் அதுல இருந்திருக்கும் தம்பி. எங்கம்மா இங்கதான் பெத்துச்சு. மழ நாளாம், வெசாக் முடிஞ்ச கெழமையாம். வருசந்தான் தெரியாது" என்றார்.

நாற்பத்தைந்து வருடத்துக்கு மேல் யாரிடமும் சொல்லாததை அன்று அவரிடம் சொன்னேன். லொறி, இறாத்தல், சுருள் எல்லாவற்றையும். அவர் கேட்டுக்கொண்டிருந்தார். "ஓ, அந்தக் கடதாசியா" என்றார். "அதுல சீனி கட்டிக் குடுப்பீங்க. கெட்டியான கடதாசி. நாங்க அத வீசமாட்டோம். லயத்துச் செவுத்துல ஓட்டைக்கு ஒட்டுவோம்."

எந்த லயம், எந்தக் காம்பரா என்று நான் அவசரமாகக் கேட்டேன். அந்த லயம் மண் சரிந்து இடிந்து, பக்கத்திலேயே புது வீடுகள் கட்டிப் பல வருடமாகிவிட்டதாம்.

மழை தூறத் தொடங்கியது. மருந்து ஜன்னலுக்குக் கீழே, தண்ணீர் வடிகிற கானோரமாக வல்லாரை செழித்துக் கிடந்தது. இராச் சாப்பாட்டுக்கு ஆகும் என்று அக்கா குனிந்து பறித்து முந்தானையில் சேர்த்தார். நானும் ஒரு கைப்பிடி பறித்துக் கொடுத்தேன். கடைசி பஸ் போவதற்குள் பாதைக்கு இறங்கிவிட வேண்டும் என்று இருவரும் கீழே நடந்தோம்.